குளிர் ஊர்ல கொடி ரோஜா: பாஃபினா, டேவிஸா, இல்ல ரோஜாவ கீழ விட்டுட்டு வேற கொடிய ஏத்துறதா?

கனடால குளிர் ஜாஸ்தி உள்ள ஊருங்க, அதாவது ஆட்டவா, மான்ட்ரியல், வின்னிபெக், எட்மன்டன், கல்கரி மாதிரி இடத்துல வீடு வாங்குன நம்மாளுங்க பாதிப் பேரு முதல் சம்மர்லயே கடைல அட்டைப் படத்தப் பாத்து ஒரு கொடி ரோஜாவ வாங்கிட்டு வந்து வாசல் ஆர்ச்சுல நட்டுருவாங்க. அந்த வருஷம் நல்லாத்தான் பூக்கும். அடுத்த மே மாசம் பாத்தா தரைக்கு ஒரு சாண் மேல எல்லாமே கருத்துப் போயி காஞ்சு நிக்கும், அடியில இருந்து மட்டும் ரெண்டு துளிர் வரும், அதுவும் ஆர்ச்சுல பாதி ஏறுறதுக்குள்ள அக்டோபர் வந்துரும். அப்புறம் இந்த ஊருக்கு ரோஜா ஒத்து வராதுன்னு முடிவு கட்டிட்டு ஹோஸ்டான்னு ஒரு இலைச்செடிய நட்டுட்டு உக்காந்துருவாங்க. எந்த ரோஜா, அது கூட எந்தக் கொடின்னு கேட்டு வர்றவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடுறேன். நான் இருக்குறது ஆட்டவா, அதனால என் சாய்வு கொஞ்சம் இந்த ஊர்ப் பக்கம் இருக்கும்.

மொதல்ல சோன் கணக்கு, அதாவது ஒரு ஊர்ல எவ்ளோ குளிர் விழும், ஒரு செடி எவ்ளோ தாங்கும்னு காட்டுற நம்பர். அமெரிக்க விவசாயத் துறை மேப்ல 5ன்னா வருஷத்துல விழுற அதிகபட்சக் குளிர் சராசரியா மைனஸ் 23ல இருந்து மைனஸ் 29 வரைக்கும், 4ன்னா மைனஸ் 34 வரைக்கும், 3ன்னா மைனஸ் 40 வரைக்கும். கனடா அரசாங்க மேப் வேற கணக்கு, அதுல குளிர் மட்டும் இல்லாம மழை, காத்து, பனி எவ்ளோ மூடுது, உறைபனி இல்லாத நாள் எத்தனைன்னு நெறைய விஷயத்த சேத்திருக்காங்க, அதனால ரெண்டு மேப்பும் ஒரே ஊருக்கு வேற வேற நம்பர் காட்டும். அட்டைல எந்த மேப்போட நம்பர்னு போட்டிருக்க மாட்டாங்க. சரி அது கூட பரவால்ல, அதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அத யாரும் கடைல சொல்றதில்ல.

சோன் 5ன்னு போட்ட ரோஜா ஆட்டவால உயிரோட இருக்கும், அதுல பொய் இல்ல. ஆனா உயிரோட இருக்குறது வேரும் அடிக்கட்டையும்தான். பனிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற தண்டு மைனஸ் 28ல காத்துல நின்னா செத்துரும். புதர் ரோஜாவுக்கு இதுல பெரிய நஷ்டம் கிடையாது, பனி மூடுன மட்டம் வரைக்கும் காஞ்சத வெட்டி விட்டா புதுத் துளிர்லயே ஜூன் கடைசில பூத்துரும். கொடி ரோஜாவுக்கு அப்படி இல்லைங்க, அதோட வேலையே போன வருஷத் தண்ட வச்சுக்கிட்டு அது மேல பக்கக் கிளை விட்டு பூக்குறது, தண்டு வருஷா வருஷம் தரைமட்டம் ஆச்சுன்னா அது கொடியே ஆகாது, காலம்பூரா நாலடிப் புதராவே இருக்கும். அதனால என் கணக்கு இதுதான்: புதருக்கு உங்க ஊர் சோன் நம்பரே போதும், கொடிக்கு அதவிட ஒரு நம்பர், முடிஞ்சா ரெண்டு நம்பர் கம்மியா தாங்குறதப் பாத்து வாங்கணும். ஆட்டவால இருந்தா கொடி ரோஜா சோன் 3 தாங்கணும். நியூ டான், பிளேஸ்ங்குற கொடி ரோஜா எல்லாம் டொரன்டோல ஜம்முனு ஏறுது, அங்க ஏரி பக்கத்துலயே இருக்குறதால குளிர் கம்மி, இங்க அதே செடி நல்ல குளிர் வந்த வருஷம் கைய விரிச்சுரும். நியூ டான் சும்மா ஆள் இல்ல, 1931ல அமெரிக்கால செடிக்கு குடுத்த முதல் பேட்டன்டே அதுக்குத்தான், இருந்தாலும் இந்தக் குளிருக்கு அது போதாது. மினசோட்டாப் பக்கம் இந்த மாதிரி ரோஜாவ அக்டோபர்ல ஒரு பக்கம் வேரத் தோண்டி சாய்ச்சு குழில படுக்க வச்சு மண்ணப் போட்டு முழுசா மூடி ஏப்ரல்ல திரும்ப நிமித்துறாங்க, பிரியப்பட்டவங்க செய்யலாம், எனக்கு இடுப்பு தாங்காது.

சோன் 3 தாங்குற கொடி ரோஜாங்க பெரும்பாலும் எங்க ஊர்லயே பொறந்ததுதான், ஆட்டவா நகரத்துக்கு நடுவுலயே இருக்குற சென்ட்ரல் எக்ஸ்பெரிமென்டல் ஃபார்ம்ல. வியன்னால பொறந்து கனடா வந்த ஃபெலிசிட்டாஸ் ஸ்வேடான்னு ஒரு அம்மா, கனடா விவசாயத் துறைல விஞ்ஞானி, 1960கள் ஆரம்பத்துல இந்த வேலைய எடுத்தாங்க. குளிர்காலத்துல எந்தப் போர்வையும் போடாம வயல்ல விட்டு, பொழச்சு, மறுபடி பூத்து, நோய் வாங்காம நின்னதுல இருந்து பொறுக்கி எடுத்ததுதான் எக்ஸ்ப்ளோரர் வரிசை. கனடாவ சுத்துன கடலோடிங்க, நாடு தேடிப் போனவங்க பேரத்தான் ஒவ்வொண்ணுக்கும் வச்சிருக்காங்க. 1968ல மார்ட்டின் ஃப்ரோபிஷர்ல ஆரம்பிச்சு, ஜான் காபட் 1978, வில்லியம் பாஃபின் 1983, ஹென்றி கெல்ஸி 1984, ஜான் டேவிஸ் 1986ன்னு வரிசையா வந்துச்சு. இதுல கொடிங்களுக்கு ஜெர்மனி கோர்டெஸ் குடும்பம் உருவாக்குன கோர்டெசி ரோஜா ரத்தம் இருக்கு, அந்த இலையோட பளபளப்பும் குளிர் தாங்குற கெட்டித்தனமும் அங்க இருந்து வந்ததுதான்.

இப்ப நிஜமான போட்டி பாஃபினுக்கும் டேவிஸுக்கும்தான். மத்தத அப்புறம் பாப்போம்.

வில்லியம் பாஃபின் ஒரு முரடன். பத்தடி உயரம், ஆறடி அகலம் சர்வசாதாரணம், வின்னிபெக்லயே தண்டு நுனி வரைக்கும் பொழச்சு வர்ற ஒரே பெரிய கொடி ரோஜான்னு சொன்னா ரொம்ப மிகை ஆகாது. அடர் பிங்க், கொத்துக் கொத்தா, நடுவுல மஞ்சள் மகரந்தம் தெரியுற மாதிரி பாதி இதழ் அடுக்கு. ஜூன் கடைசில மூணு வாரம் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கும், அப்புறம் செப்டம்பர் வரைக்கும் அங்கொண்ணு இங்கொண்ணு. நோய் கம்மி, தண்ணி கம்மி, கவனிப்பே வேணாம். குறைன்னு பாத்தா வாசம் சுத்தமா இல்ல, பன்னீர் ரோஜா நெனப்புல மூக்க வச்சீங்கன்னா ஏமாந்து போவீங்க. அப்புறம் முள்ளு. தண்டு பூரா முள்ளு, தண்டும் தடிச்சு வெறப்பா இருக்கும், வளைக்கப் போனா திரும்பி அடிக்கும். கொழந்தைங்க ஓடுற வாசல் ஆர்ச்சுக்கு இத எவன் சிபாரிசு பண்ணாலும் கேக்காதீங்க. பேக்யார்டு மூலை, நீளமான வேலி, பக்கத்து வீட்டு ட்ராம்போலின மறைக்கணும், அதுக்கெல்லாம் இதுக்கு மேல ஆள் கிடையாது.

ஜான் டேவிஸ் நேர் எதிர் சுபாவம். தண்டு மெலிசா, வளைஞ்சு குடுக்கும், முள்ளு ரொம்பக் கம்மி, ஏழெட்டு அடி போகும். பூ பழைய காலத்து ரோஜா மாதிரி அடுக்கடுக்கா இதழ், வெளிர் பிங்க், லேசா மசாலா வாசம், கிட்ட போனாத்தான் தெரியும். முக்கியமான விஷயம், ஜூன்ல ஆரம்பிச்சா உறைபனி வரைக்கும் விட்டு விட்டு பூத்துக்கிட்டே இருக்கும், பாஃபின் மாதிரி ஒரே மூச்சுல கொட்டித் தீத்துராது. சோன் 3ன்னு போட்டிருந்தாலும் ப்ரேரி ஊருங்கள்ல, அதாவது வின்னிபெக், எட்மன்டன், கல்கரி பக்கம், கடுமையான வருஷம் நுனி ஒரு ரெண்டு மூணு அடி போயிரும், ஆட்டவால அவ்ளோ போறதில்ல. மழை அதிகமான ஆகஸ்ட்ல கீழ் இலைல கரும்புள்ளி நோய் வரும், பொழச்சுக்கும்.

இப்படிப் பாத்தா டேவிஸ்தான் ஜெயிக்கணும், பெரும்பாலும் நானும் அதத்தான் சொல்வேன், ஆனா ஒரு சிக்கல் இருக்கு, ஜப்பான் வண்டு. தெற்கு ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் ஜூலைல வந்து எறங்கும், பச்சையும் செம்புமா பளபளன்னு பாக்க அழகா இருக்கும், ரோஜா பூவுக்குள்ள அஞ்சாறா ஒக்காந்துக்கிட்டு இதழ அரிச்சுத் தள்ளிரும். ஜூலை ஆகஸ்ட்ல விட்டு விட்டு பூக்குற செடிதான் அதுக்கு விருந்து. பாஃபின் தன் பெரிய ஆட்டத்த ஜூலை பாதிக்குள்ள முடிச்சுர்றதால பெரும்பாலும் தப்பிச்சுக்குது. மறுபடி மறுபடி பூக்குறது நல்ல குணம்னு எல்லா அட்டைலயும் போடுறாங்க, வண்டு இருக்குற ஊர்ல அதுக்கு ஒரு விலை உண்டுன்னு யாரும் போடுறதில்ல. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வண்டு மந்தமா இருக்கும், சோப்புத் தண்ணி டப்பாவ பூவுக்கு அடில புடிச்சு தட்டுனா பொத்துன்னு விழுந்துரும். தினம் அத செய்ய முடியும்னா டேவிஸ் வைங்க, முடியாதுன்னா பாஃபின். மருந்து அடிச்சுக்கலாம்னு நெனக்காதீங்க, ஒன்டாரியோல 2009ல இருந்து வீட்டுத் தோட்ட அழகுக்காக ரசாயன பூச்சிமருந்து அடிக்கத் தடை, பழைய புத்தகத்துல போட்டிருக்குற பாதி மருந்து இங்க கடைலயே கிடையாது. கரும்புள்ளிக்கும் அதே கதைதான், அதனாலதான் நோய் தாங்குற குணத்த நான் நிறத்துக்கு முன்னாடி வச்சுப் பாக்குறேன்.

இந்த இடத்துலதான் ஹென்றி கெல்ஸி அடிபடுது. சிவப்பு கொடி ரோஜா வேணும்னு கேக்குறவங்க எல்லாரும் போயி நிக்கிறது இதுலதான், பூ நல்ல சிவப்பு, மறுபடியும் பூக்கும், ஆனா கரும்புள்ளி வந்து ஆகஸ்ட்ல மொட்டைக் காலோட நிக்கும், குளிர் தாங்குறதும் மத்ததவிட ஒரு படி கீழ. சிவப்புதான் வேணும்னா குவாட்ரா, பூ அடர் சிவப்பு, இதழ் நெருக்கமா அழகா இருக்கும், ஆனா முதல் ரெண்டு மூணு வருஷம் நகரவே நகராது, உயரமும் ஆறடி அளவுதான், பொறுமை இருக்கணும். ஜான் காபட் நல்ல செடிதான், மெஜந்தா நிறம், உயரமும் இருக்கு, எனக்கு என்னமோ பாஃபின் இருக்கும்போது அத ஏன் வைக்கணும்னு தோணும், நிறம் புடிச்சிருந்தா வைங்க. கனடா ஆர்ட்டிஸ்ட் வரிசைல ஃபெலிக்ஸ் லெக்லேர்னு ஒரு பிங்க் கொடி இருக்கு, கிடைச்சா விடாதீங்க.

இதெல்லாம் விட்டுட்டு மூணாவது வழி ஒண்ணு இருக்கு, கல்கரி, எட்மன்டன்காரங்க கேட்டா நான் மொதல்ல இதத்தான் சொல்வேன். ரோஜாவ ஏத்தவே வேணாம். கீழ ஒரு கெட்டியான புதர் ரோஜா, பின்னாடி ட்ரெல்லிஸ்ல, அதாவது கொடி ஏத்துற சட்டத்துல, வேற கொடி. ரோஜா எவ்ளோ காஞ்சாலும் உயரத்துக்குப் பஞ்சம் வராது. கல்கரில குளிரவிட மோசம் சினூக் காத்து, ஜனவரில திடீர்னு பிளஸ் 10 வரும், மூடியிருந்த பனி எல்லாம் உருகிரும், மூணு நாள்ல மறுபடி மைனஸ் 25, அந்த உருகி உறையுற ஆட்டத்துலதான் தண்டு சாகுது. அந்த ஊர்ல பத்தடித் தண்டு வருஷா வருஷம் பொழைக்கும்னு நம்பி ஆர்ச் வாங்கறது சூதாட்டம்.

புதர்ல எனக்குப் புடிச்சது தெரீஸ் பூனியே. ஆல்பர்ட்டால நிலம் வாங்கி குடியேறுன ஜார்ஜ் பூனியேன்னு ஒரு பிரெஞ்சு நாவலாசிரியர் அந்த ஊர்க் காட்டு ரோஜாவயும் ருகோசாங்குற ரோஜா இனத்தயும் கலந்து உருவாக்குனது, 1950ல வெளிய வந்துச்சு. வாசம் இருக்கு, பூக்குற கிளைல முள்ளு கம்மி, பூ இல்லாத ஆறு மாசமும் பனிக்கு நடுவுல தண்டு செவசெவன்னு தெரியும், அதுக்காகவே வைக்கலாம். வாசம்தான் பிரதானம்னா ஹான்ஸா, ருகோசா வகை, கிராம்பு வாசம் தெருவுக்கே வரும், ரோட்டோரம் உப்பு கொட்டுற இடத்துலயும் தாங்கும், செப்டம்பர்ல பெரிய சிவப்புக் காய் விடும். ஆனா ருகோசா பக்கத்துல பக்கத்துல குருத்து விட்டு பரவும், சுண்ணாம்பு மண்ணுல இலை மஞ்சளடிக்கும். மானிடோபா மார்டன்ல உருவாக்குன பார்க்லேண்ட் வரிசை, அதுல மார்டன் ப்ளஷ், வின்னிபெக் பார்க்ஸ் எல்லாம், தரைமட்டமா செத்தாலும் அதே வருஷம் பூக்குறதுக்குன்னே பொறுக்கி எடுத்தது, உயரம் மூணடிக்குள்ள. புதுசுல 2017ல வந்த கனேடியன் ஷீல்ட், சிவப்பு, இலை பளபளன்னு கரும்புள்ளி இல்லாம இருக்கும். நாக் அவுட்ங்குற ரோஜாவ எல்லாக் கடைலயும் குவிச்சு வச்சிருப்பாங்க, நல்ல செடிதான், ஆனா அது சோன் 5 செடி, ப்ரேரில அத நம்பாதீங்க.

சரி கூட ஏத்துற கொடி. இங்க எல்லாரும் கிளமாட்டிஸ்தான்னு சொல்லுவாங்க, நானும் அதத்தான் சொல்றேன், ஆனா எந்தக் கிளமாட்டிஸ்னு பாக்கணும். அதுல மூணு குரூப். ஒண்ணாம் குரூப் பழைய தண்டுல மே மாசமே பூக்கும், ஆல்பைனா, மேக்ரோபெட்டலா வகை, சோன் 3 அசால்ட்டா தாங்கும், மானிடோபால ட்ராப்மோர்ங்குற ஊர்ல ஃபிராங்க் ஸ்கின்னர் உருவாக்குன ப்ளூ பேர்ட், ரோஸி ஓகிரேடி எல்லாம் இதுதான். அழகுல குறையில்ல, ஆனா இத வெட்டக்கூடாது, ரோஜாவயோ வருஷம் வருஷம் காஞ்சது பாத்து வெட்டணும், ரெண்டும் பின்னிக்கிட்டா மே மாசம் கத்தரியோட நின்னு அழணும். இத தனி வேலிக்கு அனுப்பிருங்க. ரெண்டாம் குரூப், நெல்லி மோசர் மாதிரி சாப்பாட்டுத் தட்டு சைஸ் பூ, முதல் பூ பழைய தண்டுல, இங்க பழைய தண்டு செத்துர்றதால அந்த முதல் ஆட்டம் பல வருஷம் கிடைக்காது. அட்டைல இதத்தான் பெருசா போட்டிருப்பாங்க, விட்ருங்க.

மூணாம் குரூப்தான் நம்ம ஆளு. ஜாக்மனி, எத்வால் வயலெட், ஹல்டைன், போலிஷ் ஸ்பிரிட் எல்லாம் அந்த வருஷத் துளிர்லயே ஜூலைல இருந்து பூக்கும், வசந்தத்துல ஒரு அடி விட்டுட்டு மிச்சத்த மொத்தமா வெட்டிரணும். நாம செய்ய வேண்டிய கவாத்துல பாதிய குளிரே செஞ்சு குடுத்துருது, வெட்டி உருவி எறிஞ்சதும் ரோஜாத் தண்டு வெறுமனே தெரியும், எது காஞ்சிருக்கு எது பச்சையா இருக்குன்னு பாத்து அப்பவே அதையும் வெட்டிரலாம், ஒரே நாள் வேலை. இன்னொரு வசதி, பாஃபின் ஜூலைல சோர்ந்து போகும்போது அது மேலயே ஊதாப் பூ ஆரம்பிக்கும். ஜாக்மனி 1860கள்ல இங்கிலாந்துல வந்த கெழட்டு ரகம், இன்னும் அதத் தோக்கடிக்க ஆள் வரல, சாம்பல் நோய் மட்டும் கொஞ்சம் வரும். டேவிஸோட வெளிர் பிங்க்குக்கு எனக்கு போலிஷ் ஸ்பிரிட் இன்னும் நல்லாப் பொருந்துது, போலந்துல ஸ்டெஃபான் ஃப்ராஞ்சாக்னு ஒரு ஜேசு சபை பிரதர் மடத்துத் தோட்டத்துல உருவாக்குனது, அடர் ஊதா, நோய் கிட்ட வராது.

நடும்போது ரோஜாவுக்கு வேர் புடிக்க ரெண்டு வருஷம் குடுத்துட்டு, ரெண்டடி தள்ளி கிளமாட்டிஸ வைங்க, வேரும் தண்டும் சேர்ற கழுத்து ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள போகட்டும், அடியில நெழல், தலைல வெயில். அது இலைக் காம்பால சுத்திப் புடிக்கும், பென்சில் தடிப்புக்கு மேல புடிக்கத் தெரியாது, ரோஜாவுக்கோ புடிக்கவே தெரியாது, நாமதான் கட்டணும். தண்ட நேரா மேல கட்டாம படுக்கை வாக்குல சாய்ச்சுக் கட்டுனா ஒவ்வொரு கணுவுலயும் கிளை விட்டு பூக்கும், நேரா கட்டுனா உச்சில மட்டும் கொத்து.

கிளமாட்டிஸ் வேணாம்னா ட்ராப்மோர் ஸ்கார்லெட் ஹனிசக்கிள், அதே ஸ்கின்னரோடதுதான், ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஆரஞ்சு சிவப்புக் குழல் பூ, ஹம்மிங்பேர்ட் தேடி வரும். வாசம் கிடையாது, வசந்தத்துல அசுவினி அப்பும், ஹோஸ்ல தண்ணி பீச்சி விட்டாப் போதும். ஆனா அது சுத்திச் சுத்தி இறுக்குற கொடி, ரோஜா மேல ஏத்தாதீங்க, மூணாவது வழி எடுத்தவங்க ட்ரெல்லிஸ்ல ஏத்தலாம். வர்ஜீனியா க்ரீப்பர், ட்ரம்பெட் வைன் பக்கமே போகாதீங்க, ரோஜா எங்க இருந்துச்சுன்னே தெரியாமப் போயிரும். டாங்குடிகான்னு மஞ்சள் கிளமாட்டிஸ் ஒண்ணு பழைய தோட்டங்கள்ல இருக்கும், ஆல்பர்ட்டால அது களைச்செடி லிஸ்ட்ல இருக்கு. ஒரு வருஷக் கொடியா சும்மா போட்டுப் பாக்கணும்னா நம்ம அவரைக்காய்க் கொடியே போதும், ஊதாப் பூ, ஊதாக் காய் ரகத்த இங்க அழகுக் கொடின்னு விதைப் பாக்கெட்ல விக்கிறாங்க, ஏப்ரல் கடைசில வீட்டுக்குள்ள மொளைக்க வச்சு ஜூன்ல வெளிய நட்டா செப்டம்பர்ல காயும் வரும். பிஞ்சாப் பறிச்சு நல்லா வேக வச்சுத்தான் சாப்பிடணும், முத்தின பயற பச்சையா வாயில போடாதீங்க.

வாங்கும்போது அட்டைல சோன தேடுறதுக்கு முன்னாடி, சொந்த வேர்ல வளந்ததா ஒட்டுச் செடியான்னு கேளுங்க. ஒட்டுச் செடில மேல இருக்குற ரோஜா செத்தா அடிக்கட்டைல இருந்து வேற ரோஜா வரும், நீங்க பிங்க் நட்ட எடத்துல ரெண்டு வருஷம் கழிச்சு சின்னதா கருஞ்சிவப்புப் பூ வருஷத்துல ஒரு தடவ பூத்தா அது அந்த ஒட்டுக் கட்டைதான். எக்ஸ்ப்ளோரர் வரிசை பெரும்பாலும் சொந்த வேர்லயே கிடைக்கும், ஒட்டுதான் கிடைச்சுதுன்னா ஒட்டு முடிச்சு நாலஞ்சு இஞ்ச் மண்ணுக்குள்ள போற மாதிரி ஆழமா நடுங்க. ஜூலை கடைசிக்கு மேல உரம் போடாதீங்க, செப்டம்பர்ல வாடுன பூவ வெட்டாம காய் புடிக்க விட்ருங்க, அப்பத்தான் செடி குளிருக்கு ரெடி ஆகும். இலையுதிர் காலத்துல கவாத்து பண்ணாதீங்க. மண்ணு உறையுறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா தண்ணி விடுங்க. முதல் ரெண்டு வருஷம் அடியில ஒரு அடி உயரம் மண்ணோ காஞ்ச இலையோ குவிச்சு வைங்க, சுத்தி கோழி வலை போடுங்க, முயல் பனிக்கு மேல நின்னு தண்ட உரிச்சுத் தின்னுட்டுப் போயிரும், அந்த சேதத்த பல பேரு குளிர்னு நெனச்சுக்கிறாங்க.

ஆக ஆட்டவா, மான்ட்ரியல்ல வாசல் ஆர்ச்சுக்கு டேவிஸும் போலிஷ் ஸ்பிரிட்டும், நீள வேலிக்கு பாஃபினும் ஜாக்மனியும். வின்னிபெக்ல பாஃபின் மட்டும் ஏத்திப் பாருங்க. கல்கரி, எட்மன்டன்ல தெரீஸ் பூனியேவ முன்னாடி வச்சு பின்னாடி ப்ளூ பேர்டோ ஹனிசக்கிளோ. டொரன்டோக்காரங்க எத வேணா வைக்கலாம், உங்க தலைவலி குளிர் கிடையாது, கரும்புள்ளியும் வண்டும்தான். ஆர்ச் மட்டும் மெலிசான கம்பில வாங்காதீங்க, பாஃபின் எடை ஈரப் பனியோட சேந்தா வளைச்சுரும், மரத்தூண் நடுறதா இருந்தா நாலடிக்கும் மேல தோண்டுங்க, இல்லேன்னா உறையுற மண்ணு வருஷா வருஷம் தூணத் தூக்கித் தூக்கிச் சாய்ச்சுரும்.